இரத்தப் புற்றுநோயும் இல்லத்தாரின் துணையும்

புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே நம்முள் பலருக்கு உள்ளம் நடுங்குகின்றது. அந்நோய் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலோ, "இனி என்ன செய்வது? எல்லாம் விதி" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகின்றோம். இவ்வச்சம் ஒரு காலத்தில் நியாயமானதாகவே இருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்வரை, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடுவதே வழக்கம். இன்று நிலைமை அவ்வாறில்லை. வளம் மிகுந்த நாடுகளில், புற்றுநோய் காணும் குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பிழைத்துவிடுகின்றனர். ஆனால் வளம் குன்றிய நாடுகள் பலவற்றில் நூற்றுக்கு 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோய் ஒன்றே, மருந்துகளும் பெரும்பாலும் ஒன்றே. அவ்வாறாயின் இவ்வளவு வேற்றுமை ஏன் உண்டாகின்றது? மாணவ நண்பர்களே, இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் இந்நோய் யாதென்பதைப் பார்ப்போம். நம் எலும்புகளின் உள்ளே மென்மையான ஒரு பொருள் இருக்கின்றது. அதனை எலும்பு மஜ்ஜை என்பர். இரத்தத்தில் ஓடும் அணுக்கள் யாவும் அங்கேதான் பிறக்கின்றன. நாஞ்சில் நாட்டில் பிறந்த உங்களுக்கு இதனை விளக்குவது எளிது. வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, அப்படியே இரத்தத்திற்கு மஜ்ஜை. அந்த நாற்றங்காலில் மூவகை நாற்றுகள் வளர்கின்றன. சிவப்பணுக்கள் உடலெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்வன. வெள்ளணுக்கள் நோய்க் கிருமிகளோடு போரிடுவன. தட்டணுக்கள் காயத்தில் இரத்தம் உறையத் துணை செய்வன. நலமான ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரையிலும், தட்டணுக்கள் 1,50,000 முதல் 4,00,000 வரையிலும் இருக்கும்.

நாற்றங்காலில் கோரை மண்டிவிட்டால் என்ன ஆகும்? நல்ல நாற்றுக்கு இடமும் இல்லை, உரமும் இல்லை. இரத்தப் புற்றுநோயிலும் இதுவே நிகழ்கின்றது. முதிர்ச்சி பெறாத வெள்ளணு ஒன்று, தன் உட்கருவில் நேர்ந்த மாறுதலால், வளர்ந்து பயன்படாமலும் உரிய காலத்தில் மடியாமலும் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே போகின்றது. மஜ்ஜை முழுவதும் அதன் இனமே நிறைந்துவிடுகின்றது. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறிப்போகின்றது. நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடாமல் அடிக்கின்றது. தட்டணு குறைவதால் பல்லீறிலும் மூக்கிலும் இரத்தம் கசிகின்றது. தோலில் அடிபடாமலே நீலத் தடிப்புகளும் சிவந்த புள்ளிகளும் தோன்றுகின்றன. மஜ்ஜை நெருக்குண்பதால் கால் எலும்புகள் வலிக்கின்றன; நேற்றுவரை ஓடிய பிள்ளை இன்று நடக்க மறுக்கின்றது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதும் உண்டு. 1840-களில் ஜெர்மனி நாட்டு மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ இந்நோயை ஆராய்ந்து, கிரேக்க மொழியில் 'வெண்குருதி' என்று பொருள்படும் 'லூக்கீமியா' என்ற பெயரை இட்டார்.

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நிணநீர் அணுக்களில் தோன்றி விரைந்து வளரும் வகையைச் சேர்ந்தது. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடமே அது மிகுதியாகக் காணப்படுகின்றது. நல்வாய்ப்பாக, குணப்படுத்துவதற்கு ஏற்ற வகையும் அதுவே. மஜ்ஜையில் தோன்றும் வேறொரு வகை இதனினும் கடினமானது. நிணநீர்க் கணுக்களில் கட்டியாகத் தோன்றும் லிம்ஃபோமா என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்நோய் ஏன் வருகின்றது என்று பெற்றோர் கேட்காத நாள் இல்லை. "நான் கொடுத்த உணவா? கருவுற்றிருந்தபோது செய்த பிழையா?" என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள். இவை எவையும் காரணமல்ல. இஃது ஒட்டுவாரொட்டி நோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. மிகச் சிலரிடம் தவிர, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. நம் மாவட்டத்தில் இன்னும் ஓர் ஐயம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாதுப்பொருள் கலந்திருப்பதால் அங்கு இயற்கைக் கதிர்வீச்சு சற்று மிகுதி. அதுவே காரணமோ என்பர். இதே இயல்புடைய கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து, 2009-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அக்கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதாக அவர்கள் காணவில்லை. அவ்வாய்வு வயது வந்தோரைப் பற்றியது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆயினும் பெற்றோர் தம்மையும் தம் ஊரையும் பழித்துக்கொண்டு நாளைக் கழிப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இனி மருந்துகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆந்திர நாட்டில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் விஞ்ஞானியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரத்த அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் சத்து இன்றியமையாதது. அவ்வமிலத்தைப் போலவே தோற்றங்கொண்டு, அணுவை ஏமாற்றி, அதன் பெருக்கத்தைத் தடுக்கும் பொருள்களைச் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடம் செய்து அளித்தது. அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் நலிந்திருந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அந்நற்செய்தி 1948-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்சேட் இன்றளவும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கப்படுகின்றது.

இன்னொரு மருந்து நம் வீட்டு முற்றத்திலேயே பூப்பது. நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டுமல்லி என்றும் வழங்கும் செடியை அறியாதார் யார்? மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட அச்செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற பொருள் 1960-களில் மருந்தாகப் பயன்படத் தொடங்கியது. சுடுகாட்டின் பெயரைத் தாங்கிய செடி குழந்தைகளுக்கு உயிரளிக்கின்றது! ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டன் கணக்கான இலையிலிருந்து மிகச் சிறிதளவே அம்மருந்து கிடைக்கின்றது. அதனையும் அளந்து, ஊசி வழியாக நரம்பில் மட்டுமே செலுத்துவர். செடியைப் பறித்து வீட்டிலே கஷாயம் வைத்துக் கொடுத்தால் அது மருந்தாகாது, நஞ்சாகும்.

தனித்தனியே கொடுத்தபோது இம்மருந்துகள் நோயைச் சில மாதங்கள் தணித்தனவேயன்றி ஒழிக்கவில்லை. 1962-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாக்டர் டொனால்ட் பிங்கல் என்பார், மருந்துகளைச் சேர்த்தும் வரிசைப்படுத்தியும் நெடுங்காலம் கொடுக்கும் முறையை வகுத்தார். 1960-களின் இறுதியில் அவர் செய்த ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் முற்றிலும் குணமடைந்தனர். 'தணிப்பது' என்ற நிலை போய், 'குணப்படுத்துவது' என்ற நிலை அன்றுதான் வந்தது.

தமிழ்நாட்டின் பணியும் இதில் குறைந்ததன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து தொண்டாற்றிய டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். குழந்தைகளுக்கெனத் தனியான புற்றுநோய்ப் பிரிவு இந்தியாவிலேயே முதன்முதலாக 1960-இல் அங்கே தொடங்கப்பெற்றது. 1984-இல் சென்னை, பம்பாய், டில்லி ஆகிய மூன்று நகரங்களின் பெரிய மருத்துவமனைகள், நம் நாட்டு நிலைமைக்கேற்ற ஒரே சிகிச்சை முறையை மேற்கொண்டன. அதற்குமுன் நூற்றுக்கு 20-க்கும் குறைவாக இருந்த வெற்றி, அதன் பின்னர் 45 முதல் 60 வரை உயர்ந்தது. புதிய மருந்து கண்டுபிடித்ததனாலன்று. இருந்த மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்ததனாலும், கிருமித் தொற்றையும் இரத்தக் குறைவையும் கவனித்துக்கொண்டதனாலுமே இவ்வுயர்வு கிடைத்தது.

நம் மாவட்டத்துக்கு இன்னும் அருகில், திருவனந்தபுரத்தில், 1981-ஆம் ஆண்டில் வட்டாரப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்ததாயினும், நோய் என்று வரும்போது எல்லையைக் கடந்து செல்வது நம்மவர்க்கு இன்றும் இயல்பு. இம்மாவட்டத்திலும் மருத்துவத் தொண்டு புதியதன்று. நெய்யூர் மருத்துவமனையின் வரலாறு 1838-இல் தொடங்குகின்றது. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-இலும் 1924-இலும் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் அங்கே பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர். ஆசாரிப்பள்ளத்தில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2001 முதல் நடைபெறுகின்றது. ஆகவே குழந்தைக்குக் காரணமறியாக் காய்ச்சலோ வெளிறலோ நீடித்தால், முதற்படியான இரத்தப் பரிசோதனைக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஐயம் எழுந்தால், மஜ்ஜையில் ஒரு துளி எடுத்து ஆராயும் பெரிய மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்லல் வேண்டும்.

இனிச் சிகிச்சையின் முறையைக் கூறுவோம். முதற்கட்டம் ஏறத்தாழ நான்கைந்து வாரங்கள். வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ் முதலிய மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இக்கட்டத்தின் முடிவில் மஜ்ஜை தெளிந்துவிடும். நுண்நோக்கியிற் பார்த்தால் தீய அணு தென்படாது. இரண்டாவது கட்டம் சில மாதங்கள். எஞ்சியவற்றை அழிப்பதற்காக மேலும் கடுமையான மருந்துகள் தரப்படும். மூளைக்குள் எளிதில் மருந்து செல்லாதபடி இயற்கை ஒரு தடையை அமைத்திருக்கின்றது. தீய அணுக்கள் அங்கே ஒளிந்துகொள்ளாதிருக்க, முதுகுத்தண்டின் நீரில் ஊசி வழியாக மருந்து செலுத்துவர். மூன்றாவது கட்டம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். நாள்தோறும் ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை வேறொரு மாத்திரை, மாதந்தோறும் பரிசோதனை என்று அது செல்லும். ஆக மொத்தம் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும்.

ஏன் இத்துணை நீண்ட காலம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இப்பேச்சின் உயிர்நிலை இருக்கின்றது. நோய் கண்டறியப்படும் நாளில் ஒரு குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி தீய அணுக்கள் இருக்கும். முதற்கட்டச் சிகிச்சையில் நூற்றில் 99 பங்கு அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆயிரம் கோடி எஞ்சியிருக்குமல்லவா? நுண்நோக்கிக்கு அவை எளிதில் அகப்படா. குழந்தையோ கன்னம் தடித்துச் சிரித்து விளையாடும். வயலில் மேற்கோரையைச் செதுக்கிவிட்டால் தரை சுத்தமாகத்தான் தோன்றும்; கிழங்கு அடியிலே கிடக்கின்றது என்பதை உழவன் அறிவான். அதுபோலவே, தோற்றத்தை நம்பிப் பாதியில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவரும். திரும்பி வரும் நோய் முன்னையதினும் வலியது. பழைய மருந்துக்கு எளிதில் அடங்காது.

குளச்சலில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். தந்தை வள்ளத்தில் கடலுக்குச் செல்பவர். ஐந்து வயதுப் பெண்குழந்தைக்கு நோய் கண்டு, திருவனந்தபுரத்தில் சிகிச்சை தொடங்கியாயிற்று. தாய் மருத்துவமனையிலே, தந்தை இங்குமங்குமாக. அவர் கடலுக்குப் போகாத நாளில் கூலி இல்லை. மூத்த மகன் பாட்டியிடம் இருக்கின்றான். அவனுடைய பள்ளிக் கட்டணத்தையும் காய்ச்சலையும் கேட்பார் இல்லை. மருந்துக்கு அரசினர் உதவி கிடைத்தாலும், பயணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்குக் கைப்பணம் கரைகின்றது. நகை அடகுக்குப் போகின்றது. ஆறாவது மாதத்தில் குழந்தை நலமாக ஓடியாடுகின்றது. அப்போது பாட்டி கேட்கிறாள்: "பிள்ளைக்கு இப்போ சுகந்தானே மக்கா! பிறகு எதுக்கு இன்னும் மருந்து?"

அன்பினால் கேட்கப்படும் கேள்விதான் அது. ஆனால் அக்கேள்விக்கு அக்குடும்பம் என்ன விடை சொல்கின்றதோ, அதைப் பொறுத்தே அக்குழந்தையின் உயிர் இருக்கின்றது. வளம் குன்றிய நாடுகளில் குழந்தைகள் மிகுதியாக இறப்பதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதே. மருந்து தோற்றதனால் அன்று. மருந்து முடியுமுன் குடும்பம் தளர்ந்ததனால்! குழந்தை பெண்ணாயின் இவ்வபாயம் இன்னும் மிகுதி. இந்திய மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படும் புற்றுநோய்க் குழந்தைகளுள் பெண்குழந்தைகளின் தொகை, இயல்பாக இருக்கவேண்டிய அளவினும் குறைவு என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். நோய் ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்துக் கொல்வதில்லை, பார்ப்பவர் நாமே.

ஆகவே குடும்பத்தைத் தாங்குவது தருமம் மட்டுமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி. இவ்வுண்மையை உலகம் உணர்ந்த விதம் சுவையானது. 1970-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கால்பந்து வீரர் ஒருவரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனைக் கூடத்து நாற்காலிகளில் தூங்கும் பெற்றோரை அவர் கண்டார். டாக்டர் ஆட்ரி எவன்ஸ் என்னும் அம்மையாரின் முயற்சியும் சேர்ந்து, 1974-இல் பெற்றோர் தங்குவதற்கென ஒரு வீடு அங்கே திறக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2006 முதல் செயின்ட் ஜூட் இந்தியா என்னும் அமைப்பு, மும்பையில் தொடங்கிப் பிற நகரங்களிலும், தொலைவிலிருந்து வரும் குழந்தைகளும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்க இல்லங்களை நடத்துகின்றது. தூய்மையான அறை, சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, அதே துன்பத்தில் உள்ள நாலு பேரின் துணை ஆகிய இவ்வளவும் கிடைத்தாலே ஒரு தாய் ஊருக்குத் திரும்பிப் போய்விடாமல் தங்கிச் சிகிச்சையை முடிக்கின்றாள்.

அரசின் உதவிகளும் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகின்றது. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் விண்ணப்பத்தை நிரப்பவும், சான்றிதழ் பெறவும், எந்த அலுவலகத்துக்குச் செல்வது என்று அறியவும் துணை வேண்டும். மருத்துவமனைகளில் இதற்கென்றே சமூகப் பணியாளர்கள் இருக்கின்றனர். அவர்களைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் சிலவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். இம்மருந்துகள் தீய அணுவோடு நல்ல வெள்ளணுவையும் குறைக்கும். ஆதலால் சிகிச்சையிலிருக்கும் குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை ஃபாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சல் வந்தால், அது நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். "விடியட்டும்" என்று காத்திருந்த இரவில் இழந்த உயிர்கள் உண்டு. கொதித்தாறிய நீர், அப்போதே சமைத்த உணவு, சோப்பிட்டுக் கழுவிய கை ஆகிய மூன்றும் மருந்துக்கு நிகரானவை. அம்மை கண்டவர் அக்குழந்தையை அணுகலாகாது. அணுகியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடல் வேண்டும். பிறர் கூறும் பொடியையோ லேகியத்தையோ, ஏன் சாதாரண வலி மாத்திரையையோகூட டாக்டரைக் கேளாமல் கொடுத்தல் தகாது.

இரத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் இக்குழந்தைகளுக்குச் சிவப்பணுவும் தட்டணுவும் அடிக்கடி ஏற்ற நேரும். தட்டணுக்களை எடுத்தபின் ஏறத்தாழ ஐந்து நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆகவே ஒருநாள் விழாவெடுத்து நூறு பேர் கொடுப்பதைக் காட்டிலும், ஆண்டு முழுவதும் மாறி மாறிச் சிலர் கொடுப்பதே பயன் தரும். பதினெட்டு வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ள எந்தக் கல்லூரி மாணவரும் மாணவியும் இரத்த தானம் செய்யலாம். நோயுற்ற குழந்தையின் தந்தை, மருத்துவமனை வாயிலில் முன்பின் அறியாதவரிடம் கைகூப்பி நிற்க வேண்டிய நிலையை நீங்கள் மாற்றலாம்.

பள்ளி மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மூன்றாவது கட்டத்தில் குழந்தை பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்பலாம். அப்போது அதன் தலையில் முடி முழுவதும் முளைத்திருக்காது. ஸ்டீராய்டினால் முகம் வீங்கியிருக்கும். ஒரு கேலிச் சொல் போதும், அப்பிள்ளை மீண்டும் பள்ளிப் படி ஏறாது. ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி விலகி உட்கார்ந்தாலும் அவ்வாறே. பக்கத்திலே அமர்ந்து, விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுக்கும் ஒரு தோழன், டாக்டர் செய்ய முடியாத வைத்தியத்தைச் செய்கின்றான். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அந்நாளில் மட்டும் விலகியிருங்கள். அதனைக் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். வீட்டில் தனித்து விடப்பட்ட அண்ணனையும் தங்கையையும் மறவாதீர்கள். அவர்களுக்கும் ஒரு வேளைச் சோறும் ஒரு வார்த்தை அன்பும் தேவை.

எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது பொய்யாகும். எல்லாம் முறையாகச் செய்தும் சில குழந்தைகளுக்கு நோய் திரும்புகின்றது, சிலரை இழக்கின்றோம். அத்தருணத்திலும் மருத்துவம் கைகட்டி நிற்பதில்லை. வலியை நீக்கவும், மூச்சுத் திணறலைத் தணிக்கவும், குழந்தை தன் வீட்டிலே தாயின் மடியில் அமைதியாக இருக்கவும் வழிசெய்யும் நோய்த்தணிப்பு மருத்துவம் வளர்ந்துள்ளது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் 2003-இல் தொடங்கிய பேலியம் இந்தியா அமைப்பு இத்துறையில் நாடறிந்தது. இத்தகைய பெற்றோரிடம், "அங்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமே" என்று சொல்லும் நாவைக் கட்டுப்படுத்துவதும் நாம் செய்யும் உதவியே.

தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு வருவோம். நோயும் ஒன்று, மருந்தும் ஒன்றாயின் வேற்றுமை ஏன்? பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை நிறைய நீர் இருந்தாலும், வழியிலே கால்வாய் உடைந்திருந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் போகும். சுப்பாராவும் ஃபார்பரும் பிங்கலும் சாந்தாவும் அணையை நிரப்பிவிட்டார்கள். அந்நீரைக் கடைமடை வரை கொண்டுசேர்க்கும் கால்வாய், தந்தையின் கூலியும், தாயின் மனவுறுதியும், அண்டை வீட்டாரின் சோறும், ஆசிரியரின் பரிவும், மாணவரின் இரத்தமும், அரசினரின் உதவியும் சேர்ந்ததாகும். அதில் ஓரிடத்தில் உடைப்பு நேர்ந்தாலும் ஓர் உயிர் போகின்றது.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு பாட்டி, "பிள்ளைக்குச் சுகந்தானே, பிறகு எதுக்கு மருந்து?" என்று கேட்டால், நீங்கள் விடை சொல்ல முடியும். கோரைக்கிழங்கின் கதையை அவளிடம் சொல்லுங்கள். நாஞ்சில் நாட்டுப் பாட்டிக்கு அது உடனே விளங்கிவிடும்.